அடி சற்றுப் பின்னால் விழட்டும்

எங்கள் ஐந்து பேர் கன்ட்ரி ராக் குழுவின் ஆல்பத்தில் எந்தப் பாட்டும் நிமிடத்துக்கு 92 தட்டுக்கு மேல் ஓடாது. முக்கால்வாசிப் பாட்டு 76லிருந்து 84க்குள் நின்றுவிடும். இதைச் சொன்னதும், "மெதுவான பாட்டுதானே, சுலபமா இருக்குமே" என்று கேட்பவர்கள் உண்டு. இருபது வருஷத்துக்கு மேலாக கிட்டார் வாசித்தே குடும்பம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: விரல் வேகம் ஒரு வருஷ சாதகத்தில் வந்துவிடும். நிதானம் வர, அதுவும் ஐந்து பேருக்கு ஒன்றாக வர, பல வருஷம் ஆகும்.

வேகமான பாட்டில் ஒருவர் தடுமாறினால் அடுத்த அடி வந்து அதை மூடிவிடும். 76ல் ஓடும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே முக்கால் விநாடிக்கும் கூடுதலாக இடம் இருக்கிறது. அந்த இடத்தில் எதையும் ஒளிக்க முடியாது. கம்பியிலிருந்து விரல் எடுக்கும் கிறீச்சொலி, பாடுபவரின் மூச்சு, டிரம்மரின் தயக்கம் எல்லாம் வெளியே தெரியும். கன்ட்ரி ராக்கில் ஸ்னேர் டிரம்மின் அடி, கணக்குப்படி விழவேண்டிய இடத்துக்கு ஒரு நூல் பின்னால் விழ வேண்டும். பேஸ் கிட்டார் கணக்கு தப்பாமல் நேராக நிற்க வேண்டும். பின்னால் விழும் அடி பாட்டு முழுக்க அதே அளவு பின்னால் விழ வேண்டும். அப்போதுதான் கேட்பவரின் தோள் தளர்கிறது. ஓர் இடத்தில் கூட, ஓர் இடத்தில் குறைய என்று விழுந்தால் பாட்டு இழுக்கிறது என்று அர்த்தம்.

அம்மா பாடுவாள். மேடை ஏறியதில்லை, வீட்டோடு சரி. வீணை தனம்மாள் பரம்பரைப் பதங்கள் என்றால் அவளுக்கு உயிர். பிருந்தாவும் முக்தாவும் பாடிய பதங்களைச் சின்ன வயதில் எனக்குப் போட்டுக் காட்டி, "காலப்பிரமாணம் நிக்கறது பாரு. மெதுவாப் பாடறதும் இழுக்கறதும் ஒண்ணு இல்லடா" என்பாள். பிற்பாடு அமெரிக்காவின் கன்ட்ரி ராக் பதிவுகளைக் கேட்க ஆரம்பித்தபோது என் காது ஏற்கெனவே தயாராக இருந்தது. சவுக்க காலம் என்னும் மெதுவான நடையில் உட்கார்ந்து பழகிய வீட்டுப் பிள்ளைக்கு அந்த இசையில் அந்நியமாக ஒன்றும் படவில்லை.

அப்பா வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். இங்கே தமிழர்கள் என்றால் லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம்தான். நாங்களும் அங்கேதான் இருந்தோம். வீடு வாங்க வேண்டும் என்று வந்தபோது கைக்கு எட்டிய இடம் பெஹாலா. நகரத்தின் தென்மேற்கு மூலை. தாராதலாவிலிருந்து ஜோகா வரை டைமண்ட் ஹார்பர் ரோடு ஒன்றுதான் இந்த ஊருக்கு முதுகெலும்பு. எங்களை நகரத்தோடு இணைக்கும் மாஜேர்ஹாட் பாலம் 2018 செப்டம்பரில் இடிந்து விழுந்தபின் மாதக்கணக்கில் நாங்கள் தீவுக்காரர்கள் போல இருந்தோம். சாலை நடுவே ஓடிய டிராம் போய், மெட்ரோ தூண்கள் எழுந்து, 2022 டிசம்பர் கடைசியில்தான் ஜோகா–தாராதலா ரயில் ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் சந்துகளில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஆம்ப்ளிஃபயரைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பது இங்கே இசைக்காரர்களின் வழக்கமான வேலைகளில் ஒன்று.

இந்த ஊருக்கு இசைச் சரித்திரம் பெரிது. பரிஷாவில் சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் துர்கா பூஜை 1610லிருந்து நடப்பதாகச் சொல்லுவார்கள். அந்தத் திண்ணைகளில் பாடாதது எதுவும் இருக்காது. ஆக்ஸ்ஃபோர்டு மிஷன் வளாகத்தில் பாதிரியார் தியோடர் மேத்திசன் ஏழைப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் சொல்லிக்கொடுத்தார். செல்லோக் கலைஞர் அனுப் குமார் பிஸ்வாஸ் அங்கிருந்து போனவர். வங்காள ராக் இசையின் முதல் பெயரான கௌதம் சட்டோபாத்யாய் பிறந்ததும் பெஹாலாவில்தான். அவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறேன்.

நாங்கள் ஆல்பம் பதிவு செய்த இடம் சகேர் பஜார் பக்கம் ஒரு சந்தில், பழைய வீட்டின் மாடி. வீட்டுக்காரர் வயதான அம்மாள். மாஷிமா என்று கூப்பிடுவோம். பெரிய ஸ்டுடியோவில் மணிக்கணக்கு வாடகை கொடுத்து நிதானமான பாட்டுப் பதிவு செய்ய முடியாது. கடிகாரம் பார்க்கிறவன் அடி முன்னால்தான் விழும். அதனால் மாடி அறை. சுவரில் 'லேப்' மாட்டினோம். லேப் என்பது வங்காள வீடுகளில் குளிர்காலத்துக்குப் போர்த்தும் பஞ்சு மெத்தைப் போர்வை. பஞ்சு கொட்டுகிறவர் வாசலில் உட்கார்ந்து, வில் போன்ற கருவியின் நரம்பைச் சுண்டிப் பஞ்சை உதிர்த்து, தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். அறையில் எதிரொலியை அதைவிட நன்றாகக் குடிக்கும் பொருளை நான் பார்த்ததில்லை. ராத்திரி பதினொன்றுக்கு மேல் லாரிச் சத்தம் அடங்கியபின் ஆரம்பிப்போம். மின்விசிறி நிறுத்தியாக வேண்டும். ஏப்ரலில் கல்கத்தாவில் மின்விசிறி இல்லாமல் ஒரு பாட்டு வாசித்து முடித்தால் சட்டையைப் பிழியலாம். வியர்வையில் கம்பி துருப்பிடிக்கும். ஆகவே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் எங்கள் பதிவுக் காலம்.

டிரம், பேஸ், கிட்டார் மூன்றையும் ஒரே அறையில் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்தோம். ஒவ்வொன்றாகத் தனித்தனியே பதிவு செய்தால் சுத்தமாக வரும். ஆனால் டிரம்மரின் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பின்னடியைப் பிடிக்க முடியாது. கிட்டார் மைக்கைத் துளைக்கு நேரே வைக்கவே கூடாது. அங்கே வெறும் கும்கும் சத்தம்தான் சேரும். கழுத்தும் பெட்டியும் சேரும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் சாய்த்து வைத்தால் கம்பியும் மரமும் சமமாகக் கேட்கும். பேஸ் கிட்டாரின் பாலத்துக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பான்ஜ் செருகினோம். நாதம் நீளாமல் 'தும்' என்று நின்றுவிடும். அந்த நிற்றல்தான் பாடகருக்கு இடம் கொடுக்கிறது.

பெடல் ஸ்டீல் இல்லாமல் கன்ட்ரி ராக் என்று சொல்லிக்கொள்வது கஷ்டம். அழுவதுபோல வழுக்கிக்கொண்டு வருமே, அந்தச் சத்தம். கருவியைப் பார்த்தால் கால் முளைத்த மேஜை மாதிரி இருக்கும். பத்துக் கம்பி, காலுக்குப் பெடல்கள், முழங்காலுக்கு நெம்புகோல்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் விலையில் எங்கள் மொத்த ஆல்பத்தையும் முடித்துவிடலாம். என்ன செய்வது என்று மாடியில் பேசிக்கொண்டிருந்ததை மாஷிமா கேட்டிருக்கிறார். மறுநாள் அவர் பேரன் பரணிலிருந்து ஒரு கிட்டாரை இறக்கிக் கொண்டுவந்தான். கம்பிகள் பலகையிலிருந்து விரல் பருமன் உயரத்தில் ஓடின. பெட்டிக்குள் துணியில் சுற்றிய ஓர் இரும்புக் கட்டை. ஹவாயன் கிட்டார்.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். ஹவாய்த் தீவின் டாவ் மோ குடும்பம் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தது, சொல்லிக்கொடுத்தது. ஆங்கிலோ-இந்தியரான கார்னி நிஸ் 'அலோஹா பாய்ஸ்' என்ற குழு வைத்து இசைத்தட்டு போட்டார். அங்கிருந்து அந்தக் கருவி வங்காளி வீட்டுக்குள் நுழைந்து ரவீந்திர சங்கீதம் வாசிக்க ஆரம்பித்துவிட்டது. கவிஞர் நஸ்ருலின் மகன் காஜி அனிருத்தா, படுக் நந்தி, சுனில் கங்குலி என்று அதில் பெரிய பெரிய பெயர்கள். சுனில் கங்குலி வாசித்த சினிமாப் பாட்டு இசைத்தட்டுகளை இந்தியா முழுக்கக் கேட்டார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நடுத்தர வங்காளிக் குடும்பத்துப் பெண்கள் பலர் ஹார்மோனியத்துக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொண்டது இதைத்தான். இன்று தேபாஷிஷ் பட்டாசார்யா அதில் ராகம் வாசித்து உலகம் சுற்றுகிறார். அமெரிக்கக் கன்ட்ரி இசையின் பெடல் ஸ்டீலும் அதே ஹவாய்த் தாயின் வயிற்றில் பிறந்ததுதான். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போன பிள்ளைக்குப் பெடல் முளைத்தது. கல்கத்தாவுக்கு வந்த பிள்ளை ரவீந்திரநாதரிடம் சேர்ந்தது. பெஹாலா மாடியில் ஒரு கன்ட்ரி ராக் ஆல்பத்துக்கு வேண்டிய முக்கியமான கருவி எங்கள் தலைக்கு மேலே பரணில்தான் இருந்திருக்கிறது.

புதுக் கம்பி போட்டு, சி-ஈ-ஜி-ஏ-சி-ஈ என்று ஸ்ருதி சேர்த்தேன். இந்தச் சேர்க்கையில் இரும்புக் கட்டையை நேரே வைத்தால் ஒரு சுரக்கூட்டு, சாய்த்து வைத்தால் இன்னொன்று. பெடல் செய்யும் வேலையில் பாதியை மணிக்கட்டே செய்துவிடும். மாஷிமா நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். நான் இரண்டு வரி வாசித்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"அழுத்தாதே பாபா. வை. வெறுமனே வை."

என் கையிலிருந்து கட்டையை வாங்கி, கம்பியின் மேல் வைத்துக் காட்டினார். விரல் கிட்டார் வாசிக்கிறவன் வழக்கப்படி ஃப்ரெட் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வைப்பான். இதில் கட்டையின் நடு, கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். இம்மி நகர்ந்தாலும் ஸ்ருதி போய்விடும். இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு கணம் அசையாமல் நின்று, அதற்குப் பிறகுதான் கையை ஆட்டி நாதத்தை நடுங்க விட வேண்டும். போகும்போதே ஆட்டினால் எங்கே போகிறது என்று கேட்பவனுக்குத் தெரியாது. கட்டைக்குப் பின்னால் மீதி விரல்களைக் கம்பிமேல் படிய விட வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கக் கம்பி முனகும். ஐம்பது வருஷத்துக்கு முன் கற்றது அவர் கையில் அப்படியே இருந்தது. நம் ஊரில் வீணையில் ஜாரு வாசிப்பவர்கள் சொல்லுவதும் இதேதான்: சேருமிடம் தெரிந்தபிறகு வழுக்கு. ஆல்பத்தில் அந்த கிட்டார் வரும் பாட்டுகளில் என் வாசிப்பு என்று எழுதியிருக்கிறது. கைப்பழக்கம் மாஷிமாவுடையது.

தோதாரா வாசிக்க நதியா மாவட்டத்திலிருந்து ஒரு கலைஞர் வந்தார். நாலு கம்பி, தோல் போர்த்திய முகம், மரக் கட்டையில் ஒரே துண்டாகக் குடைந்தது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளச் சம்மதிக்கவே இல்லை. முதல் தடவை வாசிக்காமல் பாட்டை மட்டும் கேட்டார். இரண்டாவது தடவையும் கேட்டார். பிறகு பாடகரைப் பார்த்து, "நீங்க எங்கே மூச்சு எடுக்கறீங்களோ அங்கேதான் எனக்கு வேலை. அதுக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல" என்றார். மூன்றாவது தடவை வாசித்ததுதான் ஆல்பத்தில் இருக்கிறது. நாஷ்வில் ஸ்டுடியோக் கலைஞர்களைப் பற்றிப் படித்துப் படித்து நாங்கள் தேடிக்கொண்டிருந்த இலக்கணத்தை, நாஷ்வில் என்ற பெயரே கேள்விப்படாத ஒருவர் ஒரு வாக்கியத்தில் கொடுத்துவிட்டார்.

தோதாரா, வங்காளத்தின் நாடோடிப் பாடகர்களான பாவுல்களின் கருவி. அந்தப் பாவுல் இசைக்கும் கன்ட்ரி ராக்குக்கும் உள்ள உறவு நாங்கள் கற்பனையில் கட்டியதல்ல. அதற்குப் புகைப்படமே இருக்கிறது. 1967 டிசம்பர் கடைசியில் பாப் டிலன் வெளியிட்ட 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். டிலனுக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் வங்காளத்தின் பூர்ணதாஸ் பாவுலும் லக்ஷ்மண் தாஸும். டிலனின் மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மன் அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போய், நியூயார்க் மாகாணத்தில் உட்ஸ்டாக் பக்கம் தங்க வைத்திருந்தார். உரத்த மின்சார இசை உச்சத்தில் இருந்த வருஷத்தில், நாஷ்வில்லுக்குப் போய் ஒரு பேஸ், ஒரு டிரம், தன் கிட்டார், ஹார்மோனிகா, இரண்டு பாட்டில் மட்டும் பெடல் ஸ்டீல் என்று சிக்கனமாக டிலன் செய்த ஆல்பம் அது. கன்ட்ரி ராக்கின் தொடக்கங்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். அடுத்த வருஷம் 'தி பேண்ட்' குழுவின் 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்' வந்தது; பேர்ட்ஸ் குழுவின் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' வந்தது. அதில் முதல் ஆல்பத்துக்குப் பெயர் தந்த பிக் பிங்க் வீட்டின் நிலவறையில் 'தி பேண்ட்' குழுவின் கார்த் ஹட்சன் பாவுல்களின் பாட்டையும் பதிவு செய்தார். அது தனி இசைத்தட்டாகவே வந்திருக்கிறது. கன்ட்ரி ராக் பிறந்த வீட்டில் பாவுல்களின் ஒற்றைக் கம்பி ஏக்தாராவும் இருந்தது என்று நான் தைரியமாகச் சொல்லுவேன். எது எதிலிருந்து எடுத்தது என்று வழக்காட வரவில்லை. ஒரே கூரையின் கீழ் கேட்டிருக்கிறார்கள், அது போதும்.

இனி கௌதம் சட்டோபாத்யாய். எல்லோருக்கும் மணிதா. பிரசிடென்சி கல்லூரி மாணவர். பார்க் ஸ்ட்ரீட் உணவகங்களில் ஆங்கிலப் பாட்டு வாசித்தவர். நக்ஸல் இயக்கத்தில் சேர்ந்து சிறைக்குப் போனார். வெளியே வந்து சில காலம் மத்தியப் பிரதேசத்தில் இருந்துவிட்டு, ஊர் திரும்பி 1975ல் தம்பிமார், உறவினர், நண்பர் என ஏழு பேராகச் சேர்ந்து குழு அமைத்தார். நாக்தலா வீட்டில் ரிஹர்சல். பெயர் 'மோஹினேர் கோடாகுலி', மோஹினின் குதிரைகள். ஜீவனானந்த தாஸின் 'கோடா' கவிதையில் வரும் குதிரைகள் அவை. (1954ல் ஜீவனானந்தர் டிராமில் அடிபட்டது ராஷ்பிஹாரி அவென்யூவில். நான் பள்ளிக்கூடம் போன தெரு. எங்கள் பெரியவர்கள் காய்கறி வாங்கப் போகும்போது அந்த இடத்தைக் காட்டுவார்கள்.)

1977, 1978, 1979 என்று வருஷத்துக்கு ஒன்றாக மூன்று சின்னச் சின்ன இசைத்தட்டுகள். முதலாவதன் பெயரே ஒரு கட்டுரைத் தலைப்பு மாதிரி இருக்கும்: 'சங்பிக்ன பாக்கிகுல் ஓ கொல்கத்தா பிஷயக்'. கலங்கிய பறவைகளையும் கல்கத்தாவையும் பற்றி. கிட்டார், வயலின், பியானோ, புல்லாங்குழல், நடுவில் பாவுல் சாயல். அன்று அதை பாவுல் ஜாஸ் என்றார்கள். ரவீந்திர சதனில் வாசித்தார்கள். 1980ல் கல்கத்தா ஜாஸ் விழாவில் வாசித்தார்கள். சினிமாப் பாட்டும் ரவீந்திர சங்கீதமும் கேட்டுப் பழகிய சபைக்கு அது பிடிபடவில்லை; தட்டுகள் விற்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் குழு கலைந்தது. மணிதா சினிமா எடுக்கப் போனார்.

1995 புத்தகக் காட்சியில் 'ஆபார் பொச்சோர் குடி பொரே' கேசட் வந்தது. மறுபடியும், இருபது வருஷம் கழித்து. பழைய பாட்டோடு இளைஞர்கள் பலரைச் சேர்த்துப் பாட வைத்து, தன்னைத் தொகுப்பாசிரியர் என்று மட்டும் சொல்லிக்கொண்டார். அதில் வந்த 'பிரிதிபிட்டா நாகி' பாட்டைத் தெரியாத வங்காளி இளைஞன் கிடையாது. அதே மெட்டை 2006ல் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தின் 'பீகி பீகி'யில் வங்கதேசத்து ஜேம்ஸ் பாட, தமிழ்நாட்டுப் பேருந்திலும் கேட்டிருப்பீர்கள். மணிதா அதைக் கேட்க இல்லை. 1999 ஜூனில் போய்விட்டார்.

எங்களுக்கு அவர் கொடுத்துப் போனது மெட்டல்ல. அன்று கல்கத்தாவில் ஆங்கிலத்தில் எழுதிய நல்ல கலைஞர்கள் இருந்தார்கள். 'ஹை' என்ற குழுவின் திலீப் பாலகிருஷ்ணன் எழுதிய பாட்டுகளை இன்றும் என் வயதுக்காரர்கள் வாசிக்கிறோம். ஆனால் ஊர்ப் பேச்சில், ஊர்க் கருவியோடு, அவசரமில்லாமல் ஒரு ராக் பாட்டு நிற்கலாம் என்று முதலில் காட்டியவர்கள் மோஹினின் குதிரைகள்தான். பெஹாலாவில் எந்தக் குழு கிட்டாரை எடுத்தாலும் அந்தத் தைரியத்தில்தான் எடுக்கிறது. எங்கள் பாடகர் வங்காளியில் எழுதினார். ஒரு பாட்டு தமிழில். அதை எழுதியது நான்.

மிக்ஸிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும். ஒரு காலத்தில் எல்லாப் பாட்டையும் நசுக்கிப் பிழிந்து சத்தம் ஏற்றினால்தான் எடுபடும் என்ற நிலை இருந்தது. இப்போது ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்கள் எல்லாப் பாட்டையும் ஒரே ஒலியளவுக்கு, சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற கணக்குக்கு, இறக்கிவிடுகின்றன. கத்தியவனுக்கு லாபம் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இது நல்ல செய்தி.

ஆல்பம் வந்தது, இனி ஊர் ஊராகப் போக வேண்டும். வங்காளத்தில் இசைக்காரனின் வருமானம் துர்கா பூஜை முடிந்ததிலிருந்து சரஸ்வதி பூஜை தாண்டும் வரை. கல்லூரி விழா, கிளப் விழா, மேளா. டார்ஜீலிங் மெயிலில் சிலிகுரி, ஹவுராவிலிருந்து போல்பூர், துர்காபூர், ஜாம்ஷெட்பூர், கவுஹாத்தி இறங்கி ஷில்லாங். கிட்டார்கள் மேல் பெர்த்தில், நாங்கள் கீழே. கல்கத்தாவின் ஈரத்தில் உப்பியிருந்த மரம் ஜனவரியில் புருலியாவின் வறண்ட காற்றுக்குப் போனதும் சுருங்கும். கழுத்து நிமிர்ந்து கம்பி பலகையில் இடிக்கும். இறங்கினவுடன் வாசிக்கக் கூடாது. பெட்டியைத் திறந்து ஒரு மணி நேரம் ஊர்க் காற்று படவிட்டு, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தி, பிறகுதான் ஸ்ருதி.

மேடையில் நிதானத்துக்கு இரண்டு எதிரி. முதலாவது ரத்தம். ஆயிரம் பேரைப் பார்த்ததும் எந்த டிரம்மருக்கும் நிமிடத்துக்கு ஐந்தாறு தட்டு கூடிவிடும். 78ல் பதிவு செய்த பாட்டு 84ல் ஓடும், பாடகருக்கு மூச்சு விட இடம் போய்விடும். எங்கள் டிரம்மர் காலடியில் சத்தமில்லாமல் மின்னும் ஒரு சின்ன விளக்கு மெட்ரோனோம் வைத்துக்கொள்கிறார். எண்ணிக்கை கொடுக்கும் முன் நாலு மின்னல் பார்த்துவிட்டுத்தான் குச்சி தூக்குவார். பாட்டு ஆரம்பித்தபின் அதைப் பார்க்க மாட்டார்.

இரண்டாவது எதிரி தூரம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். திறந்த மைதானத்தில் 34 மீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூடச் சுவர் இருந்தால், நாம் அடித்த அடி அதில் பட்டுத் திரும்பி வர விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். நாங்கள் கவனமாக ஒரு நூல் பின்னால் வைக்கும் அடியின் மேல், சுவர் தன் அடியைக் கொண்டுவந்து வைக்கும். அதைக் கேட்டு வாசித்தால் பாட்டு கவிழும். மானிட்டர் ஸ்பீக்கரைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஒருவருக்கொருவர் கை எட்டும் தூரத்தில் நிற்பதுதான் வழி. பெரிய மேடையின் நடுவில் ஏன் இப்படிக் குவிந்து நிற்கிறீர்கள் என்று விழாக்காரர்கள் கேட்பார்கள். காரணம் இதுதான். சவுண்ட்காரரிடம் நான் முதலில் கேட்பதும் ஒன்றுதான்: "தாதா, கிட்டார்ல அடித்தட்டு சத்தத்தை வெட்டிடுங்க." டிஜேவுக்காக அடுக்கிய ஸ்பீக்கரில் மரக் கிட்டாரை அப்படியே விட்டால் ஊளையிடும். நேரத்துக்கு வந்து அவரோடு ஒரு டீ குடித்தால் எல்லாம் நடக்கும்.

கல்லூரி விழாவில் நாலாவது பாட்டுக்குள், "தாதா, ஏக்டா நாச்சேர் கான்!" என்று குரல் வரும். ஆடுகிற பாட்டு வேண்டும். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. வருஷத்தில் ஒரு ராத்திரி அவர்களுக்கு ஆட வேண்டும், நியாயம்தான். எங்களை ராத்திரி பத்து மணிக்கு, டிஜேவுக்கு முன்னால் நிறுத்துவதுதான் சரியில்லை. அந்தியில், வெளிச்சம் இருக்கும்போதே எங்களை விட்டால் அதே பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்து கேட்கிறார்கள். நேரம் மாற்றித் தந்த இடங்களில் எல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். மகர சங்கராந்திக்கு அஜய் ஆற்றங்கரையில் ஜெயதேவ் கேந்துலி மேளா நடக்கும். பாவுல்கள் ராத்திரி முழுக்கக் கூடாரங்களில் பாடுவார்கள். அங்கே மின்சாரக் கருவி எதுவும் இல்லாமல், தோதாராவும் ஹவாயன் கிட்டாருமாக உட்கார்ந்தோம். ஒரு பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தன் சின்ன முரசான டுகியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். அவருடைய அடியும் ஒரு நூல் பின்னால்தான் விழுந்தது.

பணம். ஒரு விழாக்காரர் அட்வான்ஸோடு நிறுத்திக்கொண்டார், மீதி வரவில்லை. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நடப்பது. இளைஞர்களுக்கு நான் சொல்வது: மேடை ஏறுமுன் பாக்கியை வாங்குங்கள், எழுத்தில் ஒப்பந்தம் வையுங்கள், பாட்டுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உங்கள் பாட்டைப் பதியுங்கள். 2012 பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டிப் பங்கை உறுதி செய்திருக்கிறது. எழுபதுகளின் கலைஞர்களுக்கு இல்லாத பிடிமானம் இது.

பயணத்தின் கடைசியில் சென்னை. கோரமண்டல் ரயிலில் வந்து இறங்கி, ஒரு சின்ன அரங்கில் வாசித்தோம். வங்காளிப் பாட்டுகளையும் ஜனங்கள் பொறுமையாகக் கேட்டார்கள்; தமிழ்ப் பாட்டு வந்தபோது முன்வரிசையில் தாளம் போட ஆரம்பித்தார்கள், வலது கையால், தொடையில், காலப்பிரமாணம் அசையாமல். எங்கள் டிரம்மர் அதைப் பார்த்துவிட்டுத் தன் மெட்ரோனோம் விளக்கை அணைத்துவிட்டார். முடிந்ததும் ஒரு மயிலாப்பூர் மாமி வந்து, "இது எங்கக்கா வாசிச்ச கிட்டார்னா! இன்னும் பரண்லதான் கிடக்கு" என்றார். அதற்குப் பிறகு இன்னும் சில பேர் இதையே சொன்னார்கள்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கம்பி சில நூறு ரூபாய்க்குள் வரும். இரும்புக் கட்டை பெட்டிக்குள்தான் இருக்கும், துணியைப் பிரித்துப் பாருங்கள். அக்காவோ அத்தையோ இருந்தால் அவர்களைக் கூப்பிட்டு எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, தெருவில் கிட்டார் கற்றுக்கொள்கிற பிள்ளை யாராவது இருப்பான், அவனிடம் கொடுத்துவிடுங்கள்.